சொந்த ஐஓசிடிஎல் டிரைவர் புது கெர்னலில் வேலை செய்யவில்லை. எச்டபிள்யூமானுக்கு மாறுவதா, ஐஐஓவுக்கா?

பேட்டரி_பைத்தியம்:
வணக்கம். சோலார் விளக்கின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க, ராஸ்பெர்ரி பை 4-இல் ஐஎன்ஏ219 (மின்னழுத்தத்தையும் கரண்டையும் அளக்கும் சிப்) போர்டு ஒன்றை மாட்டியிருக்கிறேன். கற்றுக்கொள்ளும் ஆசையில் டிரைவரை நானே எழுதினேன். மிஸ்க் டிவைஸ் (எளிய வகைச் சாதனக் கோப்பு) ஒன்று, மூன்று ஐஓசிடிஎல் கட்டளைகள் (நிரல் டிரைவருக்கு எண்ணாக அனுப்புபவை): மின்னழுத்தம் படி, கரண்ட் படி, காலிபரேஷனைத் திரும்ப எழுது. ஒரு வருடமாகச் சிக்கல் இல்லை.

போன வாரம் ஓஎஸ்ஸை அப்டேட் செய்து, மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்தேன். ஏறுகிறது, டிவைஸ் கோப்பும் வருகிறது. ஆனால் நிரல் எந்தக் கட்டளை கொடுத்தாலும் பிழை எண் 25 என்று திரும்பி வருகிறது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. சிப் செத்துவிட்டதோ என்று சோதித்தேன். ஐ2சி (சிப்போடு பேசும் இரண்டு கம்பிப் பாதை) கருவியில் ஹெக்ஸ் 40 முகவரி தெரிகிறது. ஆனால் கான்ஃபிக் ரெஜிஸ்டரைப் படித்தால் 399எஃப் வர வேண்டிய இடத்தில் 9எஃப்39 வருகிறது. இதுவும் கோளாறா?

பழைய_கெர்னல்:
9எஃப்39 கோளாறு இல்லை தம்பி. இந்தச் சிப் பெரிய பைட்டை முதலில் அனுப்பும். எஸ்எம்பஸ் (ஐ2சியை ஒட்டிய நெறிமுறை) வேர்டு வாசிப்பு, அதாவது இரண்டு பைட்டைச் சேர்த்துப் படிப்பது, சின்ன பைட் முதலில் வரும் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டும் இடம் மாறித் தெரிகின்றன. சிப் நன்றாக இருக்கிறது.

பிழை 25 என்றால் "இந்தச் சாதனத்துக்கு இப்படி ஒரு ஐஓசிடிஎல் கிடையாது" என்று பொருள். (பெயர் என்னவோ "டைப்ரைட்டர் இல்லை" என்பது. டெலிடைப் காலத்து மிச்சம்.) இரண்டு விவரம் சொல்லுங்கள். யூநேம் கட்டளை எந்த ஆர்க்கிடெக்சர் என்கிறது? கெட்கான்ஃப் கட்டளையில் லாங் பிட் எவ்வளவு? அப்புறம், ஐஓசிடிஎல்லுக்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்டில் (தரவுத் தொகுப்பில்) என்னென்ன டைப் இருக்கிறது?

பேட்டரி_பைத்தியம்:
யூநேம் ஏஆர்ச்64 என்கிறது, லாங் பிட் 32. ஸ்ட்ரக்டில் இரண்டே உறுப்புகள், இரண்டும் லாங்.

பழைய_கெர்னல்:
அதேதான். கெர்னல் 64 பிட்டுக்கு மாறிவிட்டது, உங்கள் நிரல் இன்னும் 32 பிட்டில் ஓடுகிறது. பை 4-இல் இப்படி ஒரு கலவை சகஜம்.

இதில் உங்களை இரண்டு விஷயங்கள் கவிழ்த்திருக்கின்றன. 32 பிட் நிரலிலிருந்து வரும் அழைப்பு, டிரைவரின் காம்பட் ஐஓசிடிஎல் (32 பிட் நிரல்களுக்கான தனி நுழைவு) வழியாகத்தான் நுழையும். நீங்கள் அதை நிரப்பியிருக்க மாட்டீர்கள். நிரப்பினாலும் தப்பிக்க முடியாது. ஐஓசிடிஎல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு பொதிந்திருக்கிறது. லாங் அங்கே 4 பைட், இங்கே 8 பைட். நிரல் 8 பைட் ஸ்ட்ரக்டுக்கான எண்ணை அனுப்புகிறது, டிரைவர் 16 பைட்டுக்கான எண்ணை எதிர்பார்க்கிறது. சுவிட்சில் எந்தக் கேஸிலும் சிக்காமல் டிஃபால்ட்டுக்குப் போய் விழுகிறது.

ஒட்டுப்போட வேண்டுமானால் லாங்கை எடுத்துவிட்டு 32 பிட் என்று அளவு நிலையான டைப் போடுங்கள், காம்பட் இடத்தில் கெர்னலின் காம்பட் பாயிண்டர் உதவி ஃபங்ஷனை வையுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மின்னழுத்தத்தையும் கரண்டையும் படிக்க எதற்குத் தனி ஐஓசிடிஎல்? எச்டபிள்யூமானில் (கெர்னலின் வன்பொருள் கண்காணிப்புப் பகுதி) போட்டால் ஒவ்வொன்றும் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் விவரங்கள் கோப்புகளாகத் தெரியும் இடம்) ஒரு டெக்ஸ்ட் கோப்பு. மின்னழுத்தம் மில்லிவோல்ட், கரண்ட் மில்லிஆம்பியர், பவர் மைக்ரோவாட் என்று அலகு முன்கூட்டியே முடிவானது. டெக்ஸ்டுக்கு 32 என்ன, 64 என்ன? கேட் போட்டாலே எண் வந்துவிடும். இந்தச் சிப்புக்கு ஐஎன்ஏ2எக்ஸ்எக்ஸ் என்ற டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

சாலிடர்_புகை:
பழைய கெர்னல் அண்ணன் பாதிதான் சொன்னார். இதே சிப்புக்கு ஐஐஓ (சென்சார் மாதிரிகளைத் தொடர்ச்சியாக எடுக்கும் கெர்னல் பகுதி) பக்கத்திலும் ஒரு டிரைவர் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. கெர்னல் கான்ஃபிகில் ஐஐஓ டிரைவர், "எச்டபிள்யூமான் டிரைவர் இல்லாவிட்டால்தான் நான்" என்று சார்பு எழுதி வைத்திருக்கிறது.

நான் ஐஐஓ கட்சி. பஃபர் இருக்கிறது, ஒவ்வொரு மாதிரிக்கும் நேர முத்திரை இருக்கிறது. எச்டபிள்யூமானில் கோப்பைத் திறந்து, படித்து, மூடி... வினாடிக்கு நூற்றுக்கணக்கான மாதிரி வேண்டுமென்றால் அது வேலைக்கு ஆகாது.

பேட்டரி_பைத்தியம்:
ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவரா? கெர்னல்காரர்களே முடிவு செய்யாததை நான் எப்படி முடிவு செய்வது?

பழைய_கெர்னல்:
அவர்கள் முடிவு செய்துதான் இரண்டாக வைத்திருக்கிறார்கள். சிப்பைப் பார்க்காதீர்கள், அதை எதற்கு மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சர்வர் போர்டில் 12 வோல்ட் லைன் ஒழுங்காக வருகிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கும் வேலைக்கு எச்டபிள்யூமான். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் எப்படி எகிறி இறங்குகிறது என்று அலைவடிவம் வேண்டுமா, ஐஐஓ. 12 பிட்டில் இந்தச் சிப்புக்கு ஒரு கன்வர்ஷனுக்கு 532 மைக்ரோவினாடி, ஷண்ட்டும் (கரண்ட் அளக்க உதவும் சிறு ரெசிஸ்டர்) பஸ்ஸும் (லைனின் மின்னழுத்தம்) சேர்த்துச் சுமார் 1 மில்லிவினாடி. அந்த வேகம் முழுவதும் வேண்டுமென்றால் சாலிடர் புகை சொல்வதுதான் சரி. பேட்டரி வடிவதைப் பார்க்கிறீர்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை படிக்கிறீர்கள்?

பேட்டரி_பைத்தியம்:
ஒரு முறை.

சாலிடர்_புகை:
நிமிடத்துக்கு ஒரு முறையா! சரி, வாபஸ். எச்டபிள்யூமானே போதும்.

பேட்டரி_பைத்தியம்:
இன்னொரு சந்தேகம். அப்படியானால் சொந்த ஐஓசிடிஎல் எழுதுவதே தப்பா? கிராஃபிக்ஸ் டிரைவர்களில் குவிந்து கிடக்கிறதே.

பழைய_கெர்னல்:
நல்ல கேள்வி. அங்கேயே இரண்டும் இருக்கிறது, கவனித்தீர்களா? திரையின் ரெசல்யூஷன் மாற்றுவது, எந்த மானிட்டர் செருகியிருக்கிறது என்று கேட்பது எல்லாம் கேஎம்எஸ் என்ற பொது இடைமுகம். இன்டெல்லாக இருந்தாலும் ஏஎம்டியாக இருந்தாலும் ஒன்றுதான். ஜிபியுவுக்குக் கட்டளைகளை அனுப்புவது மட்டும் டிரைவருக்கு டிரைவர் தனி ஐஓசிடிஎல். ஒன்றின் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது, பொதுவாக்கினால் வேகம் போய்விடும். அதற்கு விலையும் உண்டு. புதிதாக அப்படி ஓர் ஐஓசிடிஎல் சேர்க்க வேண்டுமானால், அதைப் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் நிரலையும் காட்ட வேண்டும் என்பது அந்த சப்சிஸ்டத்தின் விதி. ஒரு தடவை உள்ளே போனால் எடுக்க முடியாது, அவ்வளவு கறார். உங்கள் மூன்று கட்டளைகளில் ஜிபியு அளவுக்குப் புதிராக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டிரைவரைத் தூக்கிப்போட மனமில்லை என்றால், உள்ளே ஐ2சி வாசிக்கும் பகுதியை ரெக்மேப்புக்கு (ரெஜிஸ்டர்களைப் படிக்க, எழுத உதவும் கெர்னலின் பொது வசதி) மாற்றிப் பழகுங்கள். ரெஜிஸ்டர் 8 பிட், மதிப்பு 16 பிட் என்று சொல்லிவிட்டால், பைட் திருப்புவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பேட்டரி_பைத்தியம்:
கெர்னல் டிரைவரையே போட்டுவிட்டேன். மாட்யூலை ஏற்றி, ஐ2சி பஸ்ஸின் நியூ டிவைஸ் கோப்பில் பெயரும் முகவரியும் எழுதினேன். உடனே வந்துவிட்டது. ஒரு சின்னச் சிக்கல்: மின்னழுத்தம் 12.31, மல்ட்டிமீட்டரோடு ஒத்துப்போகிறது. கரண்ட் 4100 மில்லிஆம்பியர் என்கிறது. 5 வாட் விளக்குக்கு 4 ஆம்பியரா?

சாலிடர்_புகை:
மின்னழுத்தம் சரி, கரண்ட் கச்சிதமாகப் பத்து மடங்கு. ஷண்ட். யாரும் சொல்லாவிட்டால் டிரைவர் 10 மில்லிஓம் என்று எடுத்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் போர்டுகளில் பெரும்பாலும் 0.1 ஓம். ரெசிஸ்டர் மேல் ஆர்100 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எச்டபிள்யூமான் அடைவில் உள்ள ஷண்ட் ரெசிஸ்டர் கோப்பில் 100000 எழுதுங்கள். அலகு மைக்ரோஓம்.

பேட்டரி_பைத்தியம்:
ஆர்100தான். இப்போது 410 காட்டுகிறது. மல்ட்டிமீட்டரில் 0.41. என் டிரைவரில் இந்த 0.1-ஐ நானே கோடுக்குள் எழுதி வைத்திருந்தேன். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

பழைய_கெர்னல்:
ரீபூட் செய்தால் நீங்கள் எழுதியதெல்லாம் போய்விடும்; பெயரையும் முகவரியையும் மட்டும் திரும்ப எழுதினால் மறுபடி 4100 ஆகிவிடும். டிவைஸ் ட்ரீயில் (என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) சிப்பையும் ஷண்ட் மதிப்பையும் போட்டுவிடுங்கள்.