புதுப்பிப்பு: நான்கு சொல் சிலேடை விமர்சனங்கள், இரண்டு ஏறிவிட்டன

ஒரு விமர்சனத் தளத்துக்கு நான்கு சொல்லுக்குள் சிலேடையாக எழுதும் பட விமர்சனங்களை மட்டுறுத்துநர்கள் (வெளியிடும் முன் சரிபார்ப்பவர்கள்) திருப்பி அனுப்புகிறார்கள், என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மூன்றில் இரண்டு ஏறிவிட்டன.

சுறா மீன் படமான 'ஜாஸ்' (1975) படத்துக்கு "சுறாசுறுப்பான படம்" என்று எழுதியிருந்தேன். எழுத்துப்பிழை என்று நிராகரித்தார்கள். 'று' வர வேண்டிய இடத்தில் 'றா' இருந்தால் அவசரமாகப் படிப்பவருக்கு அப்படித்தான் தெரியும். முதலில் சிலேடையை விளக்கி ஒரு குறிப்பு சேர்த்து அனுப்பினேன், பலனில்லை. வாசகருக்கு அந்தக் குறிப்பு போகாதே, அதனால் அது நியாயம்தான். அப்புறம் இணைப்புக்கோடு போடச் சொன்ன யோசனைப்படி "சுறா-சுறுப்பான படம்" என்று அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.

'டைட்டானிக்' (1997) படத்துக்கு எழுதியது: "காதலில் தொடங்கி மோதலில் முடிந்தது". நம் படங்களின் 'மோதலில் தொடங்கி காதலில் முடியும்' சூத்திரத்தைத் திருப்பிப் போட்டது. எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்றார்கள். படத்துக்கே உரிய ஒரு பொருளை உள்ளே வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி: "காதலில் தொடங்கிப் பனிப்பாறையில் மோதியது" ஏறிவிட்டது. பழைய ஓசை போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

எதிர்பாராதது மூன்றாவது. 'சைக்கோ' (1960): "குளிக்கப் போனாள், குளிர்ந்து போனாள்". சிலேடையில் குறை சொல்லவில்லை, கதைத் திருப்பத்தை உடைக்கிறது என்றார்கள். சரி என்று பட்டது. திரும்பப் பெற்றுக்கொண்டேன்.