டிசர்ஷன்: படையோடியா, படையைக் கைவிட்டவரா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் படைவீரர் போ பெர்க்டாலைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிவரும் நண்பர், 'டிசர்ஷன்' (desertion, படைவீரர் தம் படையை விட்டு நீங்கும் குற்றம்) என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தார். 'படையோடி', 'புறமுதுகிடல்', 'தப்பியோடல்', 'படைத்துறப்பு' என்ற நான்கும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இந்த மனிதர் செய்தது என்ன என்பதிலேயே ஒரு நாடு பிளவுபட்டு நின்றது. நாம் ஆக்கும் சொல் அந்தச் சண்டையில் யாரோ ஒரு தரப்பின் பக்கம் போய் நின்றுவிடக் கூடாது.

2009 ஜூன் 30 அன்று, ஆப்கானிஸ்தானின் பக்திகா மாகாணத்தில் இருந்த ஒரு சிறு காவல் நிலையிலிருந்து பெர்க்டால் யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். தம் மேலதிகாரிகளின் தலைமையில் கண்ட குறைகளை ஒரு ஜெனரலிடம் நேரில் முறையிட விரும்பியதாகவும், தாம் காணாமற்போனால் எழும் பரபரப்பு அதற்கு வழிசெய்யும் என்று கருதி, ஷரானாவில் இருந்த பெரிய தளத்துக்கு நடந்தே போக எண்ணியதாகவும் பின்னர் அவர் கூறினார். சில மணி நேரத்துக்குள் தாலிபான்களிடம் பிடிபட்டு, அவர்களோடு சேர்ந்த ஹக்கானி என்ற ஆயுதக் குழுவின் பிடியில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்தார். குவாந்தனாமோ சிறையில் இருந்த ஐந்து தாலிபான்களைக் கத்தாருக்கு அனுப்பி, 2014 மே 31 அன்று அவரை மீட்டார்கள். அவருடைய பெற்றோரை அருகில் நிறுத்திக்கொண்டு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒபாமா அதை அறிவித்தார். பாதுகாப்பு ஆலோசகர் சூசன் ரைஸ், பெர்க்டால் மதிப்புடன் பணியாற்றியவர் என்று தொலைக்காட்சியில் சொன்னார். பெர்க்டாலுடன் பணியாற்றியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவரைத் தேடி அலைந்த வீரர்களில் சிலர் படுகாயமுற்றிருந்தார்கள். குவாந்தனாமோ கைதிகளை மாற்ற 30 நாள்களுக்கு முன்பே நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை அரசு மீறியதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே அதே ஆண்டு ஆகஸ்டில் முடிவு கூறியது. சொந்த ஊரான ஐடஹோவின் ஹெய்லியில் திட்டமிட்டிருந்த வரவேற்பு விழாவும் கைவிடப்பட்டது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'படையோடி' சுருக்கமானது, 'முன்னோடி', 'நாடோடி' போன்ற சொற்களின் வார்ப்பில் அமைந்தது. ஆனால் ஓடுவதில் அச்சம் இருக்கிறது. அச்சத்தால் போனாரா என்பதே கேள்வியாக இருக்கும்போது, பெயரிலேயே அதற்கு விடை சொல்லிவிடலாகாது. ('ஓடுகாலி' என்ற சொல்லின் நிழல் அதன்மேல் விழுவதையும் நான் மறைக்க விரும்பவில்லை.) 'புறமுதுகிடல்' கேட்பதற்குக் கம்பீரமான சொல்தான், எனினும் முதுகு காட்ட எதிரில் ஒருவன் நிற்க வேண்டும். அந்த இரவில் அவர் எதிரே நின்றவர் எவருமில்லை. 'தப்பியோடல்' இலங்கைத் தமிழ் நாளேடுகளில், படையை விட்டுச் சென்றவர்களுக்கான பொதுமன்னிப்பு அறிவிப்புகளின் வழியே, நன்கு வேரூன்றிய சொல். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் பெர்க்டால் தாலிபான் பிடியிலிருந்தும் தப்பியோடினார். ஒருமுறை ஒரு வாரத்துக்கும் மேலாகப் பிடிபடாமல் அலைந்தார். ஒரே கட்டுரையில் படையிலிருந்தும் தப்பியோடினார், பகைவரிடமிருந்தும் தப்பியோடினார் என்று எழுதினால், முன்னது குற்றம், பின்னது வீரம் என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்?

'படைத்துறப்பு' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கு அது பிடித்திருக்கிறது. துறவின் தூய்மை அதில் ஒட்டிக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. அமெரிக்கப் படைச்சட்டத்தின் 85ஆம் பிரிவு இக்குற்றத்தை வெவ்வேறு வகையாகப் பிரிக்கிறது: இனித் திரும்புவதில்லை என்ற கருத்தோடு போவது ஒன்று; ஆபத்தான பணியையோ முக்கியமான கடமையையோ தவிர்க்கும் கருத்தோடு போவது மற்றொன்று. பெர்க்டால்மீது சாட்டப்பட்டது இரண்டாவது. துறத்தல் முதலாவதற்குத்தான் பொருந்தும். கருத்து எதுவும் மெய்ப்பிக்கப்படாதபோது 86ஆம் பிரிவின்படி அனுமதியின்றி நீங்கியிருந்த குற்றம் மட்டுமே எஞ்சும். இந்தியாவின் 1950ஆம் ஆண்டுப் படைச்சட்டமும் 38, 39 ஆகிய பிரிவுகளில் இவ்விரண்டையும் தனித்தனியே வைக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு 'படையைக் கைவிடல்'. நட்டாற்றில் கைவிட்டான் என்கிறோம்; அதில் அச்சமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் நம்பியிருந்தவர்களை விட்டுப் போனான் என்பது மட்டும் இருக்கிறது, பெர்க்டாலின் தோழர்களின் குற்றச்சாட்டும் அதுதான். மேலும் அதே ஆங்கிலச் சொல் இந்து திருமணச் சட்டத்திலும் மணவிலக்குக்கான காரணங்களுள் ஒன்றாக வருகிறது. அங்கே 'கைவிட்டுச் செல்லுதல்' என்பதை வழக்கறிஞர்கள் நெடுங்காலமாக ஆள்கிறார்கள். வீட்டை விட்டு வெளியேறியதை மட்டும் காட்டினால் அங்கும் போதாது, கைவிடும் கருத்தையும் காட்ட வேண்டும். 86ஆம் பிரிவுக்கு 'அனுமதியின்றி நீங்கியிருத்தல்' என்று கொள்ளலாம்.

பெர்க்டால்மீது சாட்டப்பட்ட இன்னொரு குற்றம், அதே அமெரிக்கச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படியானது (misbehavior before the enemy), ஆயுள் தண்டனைவரை இட்டுச்செல்லக்கூடியது. அதை 'எதிரிமுன் முறைகேடு' என்று மொழிபெயர்த்திருக்கிறார் நண்பர். இன்று முறைகேடு என்றால் பண மோசடி என்றே வாசகர் கொள்வார்; 'தகாத நடத்தை' என்றாலோ வேறு எங்கேயோ போய்விடும். 'எதிரிமுன் கடமைப்பிறழ்வு' எனலாமா?

துரோகி என்ற சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்துவிடுங்கள். தேர்தல் மேடைகளில் டிரம்ப் அவரை அப்படி அழைத்தார். எந்தக் குற்றப்பத்திரிகையும் அழைக்கவில்லை.

*

ஐயா, வணக்கம்.

தங்கள் காரணங்களை ஏற்கிறேன். ஒரு தடை மட்டும் உண்டு. 'படையைக் கைவிடல்' தலைச்சொல்லாக நிற்கும்போது 'ஐ' என்ற வேற்றுமை உருபு உறுத்துகிறது. உருபைத் தொகுத்து, அதாவது மறைத்து, 'படை கைவிடல்' என்றால் படை எழுவாயாகி, வீரனைப் படை கைவிட்டது என்று பொருள் மாறிவிடும். செய்தவரைக் குறிக்கும் பெயரும் எளிதாக அமையவில்லை. 'படையோடி'க்கு அந்தத் தொல்லை இல்லை.

மற்றொன்று: பெர்க்டாலைப் 'போர்க்கைதி' என்று எழுதலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

தடை சரியானதே. அதனால்தான் உருபை விரித்தே வைத்தேன். கலைச்சொல் ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாங்கள் சுட்டிய மயக்கத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006இல் கடலோரக் காவல் படைப் பயிற்சியிலிருந்து மனநலக் காரணத்தால் அனுப்பப்பட்டவரைத் தரைப்படை சேர்த்துக்கொண்டதே பிழை என்று வாதிட்டவர்கள், படைதான் அவரைக் கைவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள். செய்தவருக்குப் 'படையைக் கைவிட்டவர்' போதும். அதுவும் தீர்ப்புக்குப் பிறகுதான்.

'போர்க்கைதி' 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் சொல். அமெரிக்கப் படையின் பதிவேட்டில் அவர் 'காணாமற்போனவர், பிடிபட்டவர்' என்றே இருந்தார். பொதுவழக்கில் எல்லாரும் போர்க்கைதி என்றார்கள் என்பதால் நம் கட்டுரையின் முதல் வரியில் அது இருக்கட்டும். அடுத்த வரியிலேயே பதிவேட்டுச் சொல்லையும் தந்துவிடுவோம்.

தீர்ப்பைப் பற்றியும் கவனம் வேண்டும். 2017 அக்டோபரில் இரு குற்றங்களையும் அவரே ஒப்புக்கொண்டார். நவம்பர் 3 அன்று சிறைத்தண்டனை இல்லாமல், மதிப்பிழந்த பணிநீக்கம், கடைநிலைக்குப் பதவியிறக்கம், மாதம் 1,000 டாலர் வீதம் 10 மாதம் ஊதியப் பிடித்தம் என்று தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனையை விதித்த படைநீதிபதி, வழக்கு நடந்தபோதே டிரம்ப் அரசின் நீதி அமைச்சகத்தில் குடியேற்ற நீதிபதிப் பணிக்கு விண்ணப்பித்திருந்ததை வெளியிடவில்லை என்று கண்ட கூட்டரசு நீதிபதி ரெஜி வால்டன், 2023 ஜூலையில் தீர்ப்பை ரத்து செய்தார். நண்பரின் வரைவில் இவ்விடத்தில் 'குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்' என்றிருக்கிறது. அதை 'தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது' என்று திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.