‘சிலோன் காலனி’ போர்டு மாறப் போகிறது. எங்கள் இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கோத்தகிரி_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். எங்கள் குடியிருப்பை வெளியில் ‘சிலோன் காலனி’ என்பார்கள். மினி பஸ் கண்டக்டர் அப்படிக் கத்தித்தான் எங்களை இறக்கிவிடுவார். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார் இல்லையா, அதற்கப்புறம் எங்களையும் புதுப் பெயர் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றையிலிருந்து வீட்டுக்கு வீடு இதே பேச்சு.

அப்பா இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார்கள். இலங்கைக்குப் போவதற்கு முந்தைய ஊர் துறையூர் பக்கம் என்பார்கள். அங்கே எங்களைத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை.

அப்பா வயதுக்காரர்கள் ‘அட்டன் நகர்’ என்கிறார்கள். பையன்கள் ஒரு தலைவர் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. நான் பிறந்தது கோத்தகிரியில். பள்ளிக்கூடத்தில் “நீ சிலோனா?” என்று கேட்பார்கள், பதில் தெரியாமல் நிற்பேன். இப்போது என் மகளிடமும் அதையே கேட்கிறார்கள். எங்களுக்குள் இந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. கடைவீதியில் யாராவது “எங்கே போற?” என்றால் “மேல போறேன்” என்போம், அவ்வளவுதான். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் ஆதார் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அதுதான் நிற்கும். யோசனை சொல்லுங்கள்.

கட்டபெட்டுக்காரன்:

அக்கா, நான் படுகர். நீங்கள் வருவதற்கு முன்னாலும் அந்தச் சரிவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், மேய்ச்சல் வெளி, சதுப்பு, ஊற்று, பாறை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பட்டாவில் தேடாதீர்கள், அதில் சர்வே எண்தான் இருக்கும். அந்தப் பக்கம் எருமை மேய்த்த பெரியவர்களைக் கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

மேய்ச்சல் நிலமெல்லாம் தேயிலை ஆனதும் அந்தப் பெயர்களைச் சொல்ல வேலையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஊற்றின் பெயர் என் மகனுக்குத் தெரியாது. அதே வளைவில் ரிசார்ட் போர்டில் இருக்கும் ‘வேலி வியூ’ தெரியும். எனக்கு அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் பழங்குடியினருடையது, அதைத்தான் எல்லோரும் சொந்த ஊர்ப் பெயராகச் சொல்கிறோம். உங்கள் சரிவின் பழைய பெயர் போர்டில் ஏறினால் எங்களுக்கும் சந்தோஷம்.

பந்தலூர்_டேன்டீ:

அக்கா, நாங்களும் தாயகம் திரும்பியவர்கள்தான். 1968-இல் நம் ஆட்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார். எங்கள் விலாசம் ஒரு நம்பர். முகவரி சொல்லும்போது பெயருக்குப் பதில் நம்பர் சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் பெயர் வைக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அட்டன் வேண்டாம். 1948-இல் சட்டம் போட்டு நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய மண் அது. அதை ஏன் நம் வாசலில் எழுத வேண்டும்? பெரியவர்களோடு சண்டையும் வேண்டாம். உள்ளே இருக்கிற தெருக்களுக்கு அவர்கள் சொல்கிற தோட்டத்துப் பெயர்களை வைக்கலாமே. தம்பி சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் முடிவு உங்கள் கூட்டத்தில், உங்கள் வாயால் வர வேண்டும். இத்தனை காலம் அடுத்தவர் வைத்ததையே சுமந்துவிட்டோம்.

குன்னூர்_தபால்:

அம்மா, தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் மாறினாலும் உங்கள் பின்கோடு மாறாது, கடிதம் வந்துவிடும். கொஞ்ச காலம் பழைய பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சர்க்கார் உதகமண்டலம் என்று எழுதுகிறது, பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் ஊட்டி என்றுதான் கேட்கிறார்கள். வெலிங்டன் ராணுவக் குடியிருப்பை முதலில் ஜக்கதளா என்றுதான் வெள்ளைக்காரர்களே அழைத்தார்கள். பிறகு வெலிங்டன் பிரபு பெயரை வைத்தார்கள். பக்கத்தில் ஜெகதளா ஊர் தன் பெயரோடு இன்றும் இருக்கிறது, அங்கே வாழ்கிறவர்கள் தினமும் சொன்னதால்தான். நீங்களும் எழுதிக் கொடுக்கும் முன் வீட்டில் சொல்லிப் பழகிப் பாருங்கள். கண்டக்டர் கூப்பிட்டால் காதுக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

கோத்தகிரி_மலர்:

ரொம்ப நன்றி. தெருக்களுக்குத் தோட்டத்துப் பெயர் என்றதும் அப்பா முகம் மாறியது, பேச்சுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஹட்டிக்குப் போகிறேன். தம்பி, ஒரு சந்தேகம். படுகப் பெயர் எங்கள் ஆட்கள் வாயில் கொஞ்சம் திரிந்துதான் வரும். ஹட்டியில் வருத்தப்படுவார்களா?

கட்டபெட்டுக்காரன்:

மாட்டார்கள் அக்கா. தொட்டபெட்டாவையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எந்த ஹட்டி என்று தனியாக அனுப்புங்கள், அங்கே எனக்கு உறவு இருக்கும், சொல்லி வைக்கிறேன். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் பெரியவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.