துலிப் வயல்களைக் காண அம்மாவை எந்த வாரத்தில் அழைத்துச் செல்வது?

கேள்வி (டியூசல்டார்ஃபிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா மார்ச் 20 அன்று தஞ்சாவூரிலிருந்து எங்களிடம் வந்து, மே மாத இறுதிவரை தங்கவிருக்கிறார். நெதர்லாந்தின் துலிப் வயல்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டி அடுக்களைச் சுவரில் அவர் ஒட்டிய படம், காற்றாலையும் அதன் முன்னால் சிவப்பு வரிசைகளுமாக, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

மார்ச் 28, மே 9 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளை மனத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு நாட்களிலும் லிஸ்ஸே ஊரின் கியூகென்ஹோஃப் தோட்டம் திறந்திருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் போய்வந்த எங்கள் பக்கத்து வீட்டார், தோட்டம் நன்றாக இருந்ததாகவும் சுற்றியிருந்த வயல்களில் வெறும் பச்சை இலைகளே தெரிந்ததாகவும் சொன்னதிலிருந்து, நுழைவுச் சீட்டு வாங்கக் கை வரவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நடக்க முடியாது. அவரிடம் இருப்பது ஜெர்மனி வழங்கிய ஷெங்கன் விசா. அது நெதர்லாந்துக்கும் போதுமா என்பதையும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (லைடனிலிருந்து)

வணக்கம் சகோதரி. சீட்டு வாங்காமல் நிறுத்தியது நல்லதாயிற்று, ஏனெனில் நீங்கள் குறித்திருக்கும் இரண்டு நாட்களும் அம்மாவின் படத்துக்குப் பொருந்தாதவை.

தோட்டமும் வயலும் வெவ்வேறு கணக்கில் இயங்குகின்றன. கியூகென்ஹோஃபின் 32 ஹெக்டேர் பரப்பில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். முன்பூக்கும் வகையும் பின்பூக்கும் வகையும் ஒரே பாத்தியில் அடுக்கடுக்காக இருப்பதால், ஒன்று வாடும்போது மற்றொன்று மேலெழுந்து, திறந்திருக்கும் எட்டு வாரங்களும் ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். வயலில் அப்படி யாரும் நடுவதில்லை. அங்கே விவசாயி விற்பது பூவை அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை. பூ முழுவதும் மலர்ந்து, நிறமும் நோயும் சரிபார்த்து முடிந்த சில நாட்களுக்குள், தலைகளை மட்டும் இயந்திரத்தால் கொய்துவிடுவார்கள். விதை உருவாகி வலுவை உறிஞ்சிவிடாமல், இலைகள் சேர்க்கும் உணவு முழுவதும் கிழங்குக்குப் போகட்டும் என்பதற்காகவே இது. உங்கள் பக்கத்து வீட்டார் கண்ட பச்சை இதுதான். கொய்த மறுநாள் காலையில் இலைகளுக்கு இடையே நசுங்கிக் கிடக்கும் சிவப்பு இதழ்களைப் பார்க்கும்போது, எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் எனக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது.

பூக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் குரோக்கஸ், அடுத்து டாஃபடில், மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுவரை ஹயசிந்த், அதன்பின் துலிப். மார்ச் 28 அன்று வந்தால் வயல்களில் பெரும்பாலும் டாஃபடிலின் மஞ்சளையும் முதல் ஹயசிந்துகளின் மணத்தையும்தான் காண்பீர்கள். ஹார்லெமுக்கும் லைடனுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான இந்தப் பகுதியில் துலிப் வயல்களுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மாத இறுதிவரை உள்ள நாட்களே பொருத்தமானவை. வெயில் முந்தினால் ஒரு வாரம் முன்னதாகவும், குளிர் நீண்டால் பின்னதாகவும் நகரும். எனவே ஏப்ரல் 20-ஐ ஒட்டிய வாரத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதனுக்கு விடுப்பு எடுங்கள். ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம்வரை மலர் ஊர்வலம் நடக்கும். அன்றும், ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாளன்றும் சாலைகளில் அம்மாவுடன் திண்டாட வேண்டாம்.

கடந்த ஆண்டின் ஒளிப்படத்தில் கண்ட வயலைத் தேடியும் போகாதீர்கள். நிலத்தில் நோய் தங்காமலிருக்கப் பயிரை மாற்றி மாற்றி நடுவதால், அந்த இடத்தில் இவ்வாண்டு வேறு பயிர் இருக்கலாம்.

விசாவைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். அம்மா முதன்மையாகத் தங்கும் நாடு ஜெர்மனி என்பதால் அங்கே விசா பெற்றதே முறை, அதே விசாவில் நெதர்லாந்துக்கு வந்து திரும்பலாம். கடவுச்சீட்டை மட்டும் மறக்காமல் கையில் வைத்திருங்கள்.

மறுமொழி 2 (ஐந்தோவனிலிருந்து)

என் மாமியாரை அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டத்துப் பாதைகள் சமதளமானவை, ஆனால் மொத்தம் 15 கிலோமீட்டர் நீளம் என்பதால் அனைத்தையும் பார்க்க முயலாதீர்கள். சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மா முதலில் மறுத்தாலும் இரண்டாவது மணி நேரத்தில் தேவைப்படும். நுழைவுச் சீட்டு நாளும் நேரமும் குறித்தே கிடைக்கும், கார் நிறுத்தத்துக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். காலையில் முதல் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்குள் ஏரிக்கரையில் அமைதியாக உட்கார்ந்துவிடலாம்.

தோட்டத்துக் காற்றாலையின் அருகிலிருந்து ஓசையில்லாத மின்படகு ஒன்று வயல்களின் ஓரமாகச் சுமார் முக்கால் மணி நேரம் செல்கிறது. என் மாமியாருக்குத் தோட்டத்தைவிட இதுவே மிகவும் பிடித்திருந்தது. வாய்க்கால் தாழ்வாக இருப்பதால் பூக்கள் கண்மட்டத்தில் வருகின்றன. நடக்காமலே வயலின் பக்கத்தில் இருக்கலாம். படகில் ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று நம்மூர் மார்கழியைவிடக் கடுமையாக இருக்கும், ஆகவே காதை மூடும் கம்பளித் தொப்பி அவசியம்.

ஒளிப்படத்துக்காக வரிசைகளுக்குள் இறங்க வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். வயல் தனியாருக்குச் சொந்தமானது. செருப்பில் ஒட்டும் மண்ணோடு நோயும் பரவும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏப்ரல் இறுதியில் குளிர் நீண்டு, லிஸ்ஸேயில் இன்னும் மலராமல் இருந்தால் என்ன செய்வது என்ற ஒரு தயக்கம் மட்டும் மிஞ்சுகிறது. மேலும், சில கிழங்குகளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக அம்மா விரும்புகிறார்.

மறுமொழி 3 (லைடனிலிருந்து)

குளிர் நீண்டால் அந்த வாரம் தோட்டத்தை மட்டும் பாருங்கள். அங்கே வில்லம்-அலெக்சாண்டர் அரங்கினுள் துலிப் கட்டாயம் இருக்கும். பிறகு மே முதல் நாட்களில் ஒரு பகல், காரிலேயே நோர்டோஸ்ட்போல்டருக்குப் போய்வாருங்கள். கடலை அடைத்து 1942-இல் உலர்த்திய நிலம் அது. எம்மலூர்ட் ஊரைச் சுற்றிய வயல்களுக்கு இடையே வழிகாட்டிப் பலகைகளைப் பின்தொடர்ந்து வண்டியில் அமர்ந்தபடியே பார்க்கலாம், அம்மாவின் முழங்காலுக்கும் அதுவே சுகம்.

கிழங்குகள் வேண்டாம். தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோக இயலாது. கொண்டுபோனாலும் பல வாரக் கடுங்குளிரைக் கடந்தால்தான் துலிப் பூக்கும், தஞ்சாவூர் மண்ணில் அதற்கு வழியில்லை.

கேள்வி கேட்டவர்

ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை, காலை முதல் நேரத்துக்குச் சீட்டும் சக்கர நாற்காலியும் பதிவு செய்துவிட்டேன். மே 2-ஐ நோர்டோஸ்ட்போல்டருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னதும், அந்த நாட்காட்டிப் படத்தைக் கிழியாமல் சுவரிலிருந்து எடுத்து உடன் கொண்டுவர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னார்.