லவாலில் பிள்ளையின்ர அறைக்கு பேஸ்போர்ட் ஹீட்டர்: எது வாங்கிறது?

புதுக்குடி: வணக்கம் அண்ணாமார், அக்காமார். கனடாவில, கியூபெக் மாகாண லவால் நகரில எங்களுக்கு முதல் குளிர். பிள்ளையின்ர அறை ஹீட்டர் நேற்று இரவு நிண்டுபோச்சு. வெளியில மைனஸ் 20. கடையில "லோ-புரொஃபைல் ரேடியன்ட் பேஸ்போர்ட்" எண்டு ஒண்டு காட்டினவை, சுவரோட ஒட்டித் தாழ்வா வடிவா இருக்கு. வாங்கலாமோ? எத்தினை அடி? கெதியாச் சொல்லுங்கோ.

பிராம்ப்டன் மதுரைக்காரன்: பேஸ்போர்டே வேணாம் தம்பி, கரண்ட் பில் எகிறிடும். கேஸ் ஃபர்னஸ் போடுங்க, அது காத்தைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும். நாங்க வந்த வருஷம் பேஸ்மென்ட் ஜன்னல்ல உள்பக்கமே ஐஸ் கட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டை ஓனர் பெட்டி போட்டுப் பூட்டி வச்சிருந்தாரு.

கல்கரி தங்கச்சி: கேஸ் காத்து மூக்கை வறட்டும், எனக்கு ஒத்துக்காது. சுடுதண்ணி ஓடுற பேஸ்போர்ட்தான் சுகம். பாய்லர் ஒண்ணு வைங்க.

ஸ்கார்பரோ அக்கா: நாங்கள் வந்த காலத்தில சமையல் அவனைத் திறந்து விட்டிட்டுத்தான் படுத்தனாங்கள். இண்டைக்கும் அப்பிடிச் செய்யலாம், ஒண்டும் ஆகாது.

பிராம்ப்டன் மதுரைக்காரன்: வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏத்துவாங்க அக்கா, ஹீட்டர் கேட்டா "உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் குளிருது"ன்னு பதில்.

ஸ்கார்பரோ அக்கா: உண்மை. எங்கட மூத்தவனுக்கு அந்த வருசம் முழுக்க சளி.

மொன்றியல் வயர்மன்: அக்கா, அவனைத் திறந்து வைக்கச் சொல்லாதேங்கோ. கேஸ் அவன் எண்டால் கார்பன் மொனொக்சைட், கரண்ட் அவன் எண்டால் நெருப்பு. தம்பி, இண்டைக்கு இரவு பிள்ளை உங்களோட படுக்கட்டும். தற்காலிக ஹீட்டர் இருந்தால் நேரா சுவர்ப் பிளக்கில குத்தும், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். இனி இதைச் சொல்லும்: வீடு சொந்தமோ வாடகையோ? இப்ப இருக்கிறது கரண்டோ சுடுதண்ணியோ? அறை எவ்வளவு? வாடகை எண்டால் ஒரு சதமும் செலவழியாதையும், வீட்டுக்காரருக்கு எழுத்தில அறிவியும்.

புதுக்குடி: சொந்த வீடு அண்ணா. குழாய் இல்லை, வயர்தான். மேல்மாடி மூலை அறை, 10க்கு 12 அடி. ஹீட்டர் ஓரத்து ஸ்டிக்கரில 240 வோல்ட், 1000 வாட். தெர்மோஸ்டாட் திரையில ஒண்டும் தெரியேல்லை.

மொன்றியல் வயர்மன்: அப்ப கேஸ், பாய்லர் கதையை விடும். கியூபெக்கில கரண்ட் மலிவு, இங்க பாதி ஊர் பேஸ்போர்டிலதான் குளிர் காயுது. முதல்ல கரண்ட் பெட்டியில பிறேக்கர் விழுந்திருக்கோ பாரும். விழாட்டி தெர்மோஸ்டாட் செத்திருக்கலாம், இல்லாட்டி ஹீட்டருக்குள்ள கம்பி அறுந்திருக்கலாம். ரெண்டு வயர் தெர்மோஸ்டாட்டுக்கு ஹீட்டர் வழியாத்தான் கரண்ட் வரும், அதால எது போனாலும் திரை அணையும். எலெக்ட்ரீசியன் மீட்டர் வைச்சால் உடன தெரியும். தெர்மோஸ்டாட் எண்டால் செலவு கொஞ்சம்தான், புது ஹீட்டருக்கு ஓடத் தேவையில்லை.

ஆனா அந்த அறைக்கு 1000 வாட் காணாது. 8 அடி உயரக் கூரைக்குச் சதுர அடிக்கு 10 வாட் எண்டு கணக்குப் பாப்பம், அதுவே 1200. ரெண்டு வெளிச்சுவர் இருக்கிறதால 1500 எடும். சாதாரண வகை ஹீட்டர் நீளத்தில அடிக்கு 250 வாட், 6 அடி போதும். குழந்தை அறைக்கு நான் அடிக்கு 187 வாட் வகைதான் போடுவன், 8 அடி வரும். சூடு அதே அளவு, தகடு அவ்வளவு கொதிக்காது. பிள்ளை தவழத் தொடங்கினால் அந்த வித்தியாசம் பெரிசு.

ரேடியன்ட் எண்டு எழுதினாலும் இந்த மாதிரித் தாழ்வான கரண்ட் பேஸ்போர்ட் கூடுதலா காத்தைச் சூடாக்கித்தான் அறையை நிரப்புது. ஜன்னலுக்குக் கீழ பூட்டவேணும். திரைச்சீலையும் தொட்டிலும் முட்டக்கூடாது.

கல்கரி தங்கச்சி: உள்ள எண்ணெய் அடைச்ச வகை பில்லைக் குறைக்குமாமே?

மொன்றியல் வயர்மன்: இல்லைத் தங்கச்சி. தெர்மோஸ்டாட் வெட்டின பிறகும் கொஞ்சநேரம் இளஞ்சூடா இருக்கும், அதுக்குத்தான் அந்த விலை. ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் எந்தக் கரண்ட் பேஸ்போர்டிலயும். பில் குறைய, வெளிக்காத்தில இருக்கிற சூட்டை உள்ள கொண்டுவாற ஹீட் பம்ப்தான் வழி.

புதுக்குடி: பிறேக்கர் விழேல்லை அண்ணா. நானே கழட்டிப் பாக்கட்டோ?

மொன்றியல் வயர்மன்: வேண்டாம். கியூபெக்கில வயர் வேலைக்கு உரிமம் உள்ள எலெக்ட்ரீசியன்தான் கை வைக்கலாம். கூப்பிடேக்க ஸ்டிக்கரையும் பிறேக்கர் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பும். 1500க்கு மாத்திறதெண்டால் அதே பிறேக்கரில வேற அறை ஹீட்டரும் இருக்கோ எண்டு கேளும். 20 ஆம்பியர் பிறேக்கர் 3840 வாட்தான் தாங்கும்.