பவர் பேங்க்கின் 60,000, பேட்டரியின் 100: எதில் ஆற்றல் அதிகம்?

மோல்மீன் கடைக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். மின்வெட்டு நேரத்தில் என் மளிகைக் கடையின் 50 வாட் மின்விசிறி ஒன்றும் 10 வாட் விளக்குகள் இரண்டும், 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைக் கொண்டு இன்வெர்ட்டர் வழியாக ஓடுகின்றன. பேட்டரி தளர்ந்துவிட்டதால் புதிது வாங்கச் சென்றேன். விற்பனையாளர் 60,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்க் ஒன்றைக் காட்டி, "இது 60 ஆம்பியர்-மணி, உங்கள் பேட்டரியில் பாதிக்கு மேல்" என்றார். ஒரு கையால் தூக்கும் பெட்டிக்குள் அவ்வளவு அடங்குமா?

பெகு மின்பணியாளர்:
அடங்காது, ஐயா. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி வாட்-மணியாக்கினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். பவர் பேங்க்கில் அச்சிடும் எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் கலங்களுக்கு உரியது. ஆகவே 60 × 3.7 = 222 வாட்-மணி. உங்கள் பேட்டரியிலோ 12 × 100 = 1,200. பாதி எங்கே, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

யாங்கூன் ஆசிரியை:
அந்த 1,200 முழுவதையும் எடுத்துவிடவும் கூடாது. ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் தட்டுகளில் சல்பேட் இறுகி ஆயுள் குறையும் என்பதால், 600 என்றே கணக்கிடுங்கள். இன்வெர்ட்டர் 15 சதவீதத்தை விழுங்கினால் மிஞ்சும் 510 வாட்-மணி, உங்கள் 70 வாட் சுமைக்கு ஏழு மணி நேரம் தாங்கும். அதே 100 ஆம்பியர்-மணியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், அதாவது 1,280 வாட்-மணி. பார்வைக்கு 80 மட்டுமே கூடுதல் என்றாலும், அதில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம் என்பதால், இன்வெர்ட்டர் விழுங்குவது போக ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஓடும். எடையும் பாதிக்கும் குறைவு. விலைதான் உறுத்தும். அதற்காக மலிவாகக் கிடைக்கிறதென்று கார் பேட்டரியை வாங்கிவிடாதீர்கள். அதன் மெல்லிய தட்டுகள் வண்டியைக் கிளப்பும் நொடிக்காகச் செய்தவை, இரவு முழுவதும் விசிறி ஓட்ட அல்ல.

மோல்மீன் கடைக்காரர்:
நன்றி, அம்மா. மீண்டும் சென்று அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் 222 வாட்-மணி என்றே அச்சிட்டிருந்தது. லித்தியம் வாங்கினால் பழைய இன்வெர்ட்டரே போதுமா?

பெகு மின்பணியாளர்:
அந்த இன்வெர்ட்டரில் லித்தியம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் போதும். இல்லையெனில் மின்னேற்றும் அழுத்தம் 14.6 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று அளந்து பாருங்கள். ஈய-அமில பேட்டரிக்காக அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் சமன்படுத்தும் முறை இருந்தால், அதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும்.