கிரேடு தாளா, மல்டிகிரேடா: பழைய நெகடிவ்களுக்கு எதை வாங்குவது?

பாளையங்கோட்டைக்காரன்:
நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் படமாக அச்சிடும் கருவியான என்லார்ஜர் ஒன்றும் (தாய்மாமாவுடையது, கண்டென்சர் வகை), 35 மி.மீ. நெகடிவ்கள் நிறைந்த நான்கு டப்பாக்களும் என் கைக்கு வந்திருக்கின்றன. பாதி நெகடிவ்கள் கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்தில் நடுப்பகலில் எடுத்தவை; தூண்களுக்கு வெளியே வெயில் கொளுத்த, கர்ணன் சிலை பாதி நிழலில் நிற்கிறது. மறுபாதி குற்றாலத்தில் சாரல் காலத்தில் எடுத்தவை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இந்தக் குற்றாலத்து நெகடிவ்கள் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் மாமா போட்டோ அச்சுத் தாளை சாஃப்ட், நார்மல், ஹார்டு என்று கேட்டு வாங்குவார் என்று அத்தை சொல்கிறார். இப்போது விசாரித்தால், இல்ஃபோர்டு நிறுவனத்தின் கேலரி தாள் 2, 3 ஆகிய இரண்டு கிரேடுகளில்தான் வருகிறது என்கிறார்கள். விலையோ அதிகம். ஒரு பெட்டி மட்டுமே வாங்க முடியும் என்றால் எந்தக் கிரேடை வாங்குவது?

பழைய ஸ்டூடியோக்காரர், அம்பாசமுத்திரம்:
தம்பி, தாளைப் பார்ப்பதற்கு முன் நெகடிவைப் பாருங்கள். கிரேடு எண் கூடக் கூட, தாள் வெள்ளையிலிருந்து கருப்புக்குப் போகும் தூரம் குறுகும். நெகடிவின் மிக மெல்லிய இடம், மிக அடர்ந்த இடத்தைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு ஒளியை விடுமானால் கிரேடு 2 தாளில் இரண்டு முனைகளும் அடங்கும். கிரேடு 3 தாளில் 8 மடங்கு வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் ஒன்று வெயில் வெளுத்துப்போகும், அல்லது நிழல் மையாகிவிடும்.

உங்கள் என்லார்ஜர் கண்டென்சர் வகை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நேர்கோட்டில் வரும் ஒளியை நெகடிவின் அடர்ந்த வெள்ளித் துகள்கள் சிதறடித்துவிடுவதால், பரவிய ஒளி தரும் என்லார்ஜரைவிட இதில் கான்ட்ராஸ்ட் (கருப்பு வெள்ளை வேறுபாடு) அரை முதல் ஒரு கிரேடு வரை கூடித் தெரியும். ஆகவே குற்றாலத்து நெகடிவ்களுக்கு கிரேடு 3 பொருந்தும். கிருஷ்ணாபுரத்து நெகடிவ்கள் கேட்பது 1 அல்லது 0. அவை இன்று சுலபமாகக் கிடைப்பதில்லை. நாங்கள் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ தாளில் அச்சிட்ட நாட்களில், இப்படிப்பட்ட நெகடிவ் வந்தால் தாளில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலை, அதன் இரண்டு ரசாயனங்களில் ஹைட்ரோகுவினோனைச் சேர்க்காமல் மெட்டால் மட்டும் போட்டுக் கலப்போம். படம் மெதுவாக வரும், வெயில் பட்ட இடம் வெளுக்காமல் நிற்கும். கிரேடு 2 பெட்டி ஒன்றை வாங்கி, கான்ட்ராஸ்ட் கூடிய நெகடிவுக்கு இந்த மெட்டால் டெவலப்பரையும், மங்கலானதற்கு வழக்கமான டெவலப்பரையும் பயன்படுத்திப் பாருங்கள்.

டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை நம் ஊர்த் தண்ணீர் மதிப்பதில்லை. டிரேயைப் பெரிய தட்டில் வைத்து, அந்தத் தட்டில் ஐஸ் போடுங்கள். டெவலப்பருக்குள் போட்டால் நீர்த்துவிடும்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி சொன்ன கணக்கு சரியானது; ஆனால் அவர் சொன்ன தாள் இந்தத் தம்பிக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிரேடு தாள், நெகடிவைத் தாமே எடுத்து, தாமே கழுவுபவர்களுக்கு உரியது. தாளின் எல்லை தெரிந்தால், வெயில் கடுமையான நாளில் பிலிமைச் சற்றுக் குறைவாகவும், மேகமூட்ட நாளில் சற்றுக் கூடுதலாகவும் டெவலப் செய்து அந்த எல்லைக்குள் கொண்டுவரலாம். பல ஆண்டுகளுக்கு முன்பே கழுவி முடித்த மாமாவின் நெகடிவ்களை இனி மாற்ற முடியாது. மாற வேண்டியது தாள்தான். 1940-இல் இல்ஃபோர்டு அறிமுகப்படுத்திய மல்டிகிரேடு வகைத் தாள் இதற்கென்றே வந்தது. மஞ்சள், மெஜந்தா பில்டர்களை மாற்றி ஒரே பெட்டியில் 00 முதல் 5 வரை போகலாம்; ஒரே தாளில் சிலைக்கு ஒரு பில்டரும் வெளி வெயிலுக்கு மற்றொன்றும் கூடக் கொடுக்கலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கிரேடு தாளில் நீல ஒளி மட்டும்தான் பதியும். அதனால் மாமா வைத்திருந்த இளமஞ்சள் சேஃப்லைட் (இருட்டறை விளக்கு) அதற்குப் போதும். மல்டிகிரேடு தாளில் பச்சை ஒளியும் பதியும் என்பதால் அதே விளக்கில் தாள் மூட்டம் போட்டுவிடும். என்லார்ஜரில் தாளுக்கு இளஞ்சாம்பல் வருமளவு மட்டும் லேசாக ஒளி கொடுத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றியே ஆக வேண்டும். ஒளி கொடுக்காத வெறும் தாளில் சோதித்தால் விளக்கின் குற்றம் வெளியே தெரியாமலே போகலாம்.

பழைய ஸ்டூடியோக்காரர், அம்பாசமுத்திரம்:
பழைய நெகடிவுக்கு மல்டிகிரேடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்லார்ஜரோடு வந்த பில்டர்கள் வெளுத்திருந்தால், 4 என்று எழுதியிருப்பது 3-ஐத்தான் தரும். புதிய பில்டர் செட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
இருவருக்கும் நன்றி, அண்ணாச்சி. நண்பரிடம் கடன் வாங்கிய மல்டிகிரேடு தாள் ஒன்றில் நாணயச் சோதனை செய்தேன். வட்டம் தெளிவாகவே தெரிந்தது. சிவப்பு விளக்கும் பில்டர் செட்டும் மல்டிகிரேடு பெட்டியும் வாங்கப் போகிறேன். இந்த ஆண்டுச் சாரலில் நானே எடுக்கப்போகும் படங்களுக்கு மட்டும் பிறகு கிரேடு 3 வாங்கிக்கொள்கிறேன். மெட்டால் டெவலப்பரின் அளவுகளை மட்டும், அண்ணாச்சி, நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.